முயல் கூண்டு ஈக்களுக்குப் புகைமருந்து தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு நாள் விட்டு வெயில் அடித்தால் போதும். முயல் கூண்டு, ஆட்டுப் பரண், நாட்டுக்கோழிக் கொட்டகை இருக்கும் தெருக்களிலிருந்து ஈத் தொல்லை பற்றிய புகார்கள் ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வந்து குவிகின்றன. மறுநாள் புகைமருந்து அடிக்கிறார்கள். கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடரையும் சுண்ணாம்பையும் தூவுகிறார்கள். வளர்ப்பவரிடம் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஈ பழையபடி மொய்க்கிறது. பத்து முயலோ ஐந்து ஆடோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. பக்கத்து வீட்டில் சோற்றுத் தட்டைத் திறக்க முடியாமல் தவிப்பவர்களுக்கும் அது உண்மையான துன்பம்தான். இரண்டு தரப்பும் சுகாதார ஆய்வாளர்களும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

புகைமருந்து கொசுவுக்கு அடிப்பது. அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் ஈக்களில் சில அதில் சாகலாம். எருவுக்குள் நெளியும் புழுவையும், ஓரத்து மண்ணில் புதைந்திருக்கும் கூட்டுப்புழுவையும் அது தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஈக்களைவிடப் பல மடங்கு அங்கேதான் இருக்கின்றன. ஒரு பெண் ஈ தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். அப்படிப் பல தடவை இடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாள் ஈரமான எருவைத் தின்று வளரும். பிறகு காய்ந்த இடம் தேடி ஊர்ந்துபோய்க் கூட்டுப்புழுவாகும். முட்டை ஈயாக மாற மொத்தம் எட்டு முதல் பத்து நாள் போதும். ஆகவே ஈயை ஒழிக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் புழு எருவுக்குள் இருக்கும் அந்த நான்கைந்து நாள்தான். அதைத் தவறவிட்டால் பிறகு பறக்கும் ஈயின் பின்னால் ஓட வேண்டியதுதான்.

முயல் புழுக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உதிரியாக, கிட்டத்தட்டக் காய்ந்தே விழுகிறது. உலர்ந்த புழுக்கையில் ஈப்புழு வளராது. மூத்திரமோ, சொட்டும் தண்ணீரோ, சிந்திய தீவனமோ சேர்ந்து அது சேறாகும்போதுதான் புழு வைக்கிறது. எனவே முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. எரு அள்ளுவதும் மருந்தும் பொறியும் அதற்குப் பிறகுதான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முயல் தண்ணீர் குடிக்கும் நிப்பிளிலிருந்து (ஊசியை நக்கினால் தண்ணீர் விடும் குழாய்முனை) நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. 3 கிலோ எடையுள்ள முயல் ஒன்று ஒரு நாளில் விடும் மூத்திரம் கால் லிட்டர் அளவுதான். ஒழுகும் ஒரே ஒரு நிப்பிள் பதினைந்து முயலுக்கு மேல் செய்யும் ஈரத்தைத் தனியாகச் செய்துவிடுகிறது. ஐம்பது கூண்டு உள்ள கொட்டகையில் நான்கு இடத்தில் மட்டும் புழு நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒழுகுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முயல்கள் அசந்து கிடக்கும் மதிய நேரத்தில், ஒவ்வொரு நிப்பிளுக்கும் நேர் கீழே உலர்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அந்த நிப்பிளைக் கழற்றுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ள ஊர்களில் உப்புப் படிந்து ஊசி முழுதாக மூடாமல் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டுக் காலையில் நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மண் துகள் சிக்கியிருந்தால் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு சின்ன வடிகட்டி போடுவதே நிரந்தர வழி. திருகும் இடத்தில் கசிந்தால் டெப்லான் டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றி மறுபடி முறுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் அழுத்தத்தைப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இணைப்புக் கொடுப்பது பரவலான தவறு. பத்துப் பன்னிரண்டு அடி உயரத்து அழுத்தத்தை நிப்பிளின் சின்ன வாஷர் தாங்காது. நிப்பிள் வரிசைக்கு இரண்டடி உயரத்தில் 20 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அதில் மிதவை வால்வு பொருத்தி, மாடித் தொட்டியின் தண்ணீரை அதற்குள் விட்டுப் பிறகு கூண்டுக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்றும் செய்யலாம்: நிப்பிள் வரிசைக்கு அடியில், இரண்டங்குலப் பிவிசி குழாயை நெடுக இரண்டாகப் பிளந்து ஓடைபோல் மாட்டி, அதன் கடைசியில் ஒரு வாளி வையுங்கள். முயல் குடிக்கும்போது சிந்துவதும் எருவில் விழாது. காலையில் வாளியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தால் கசிவும் தெரிந்துவிடும். வளர்ந்த முயலுக்கு நிப்பிள் கூண்டுத் தரையிலிருந்து 8 அல்லது 9 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முயல் முதுகு உரசியே சொட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மூத்திரம். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கூண்டுகளில் மேல் அடுக்குக்குக் கீழே தகரமோ பிளாஸ்டிக் தட்டோ சாய்த்து வைத்திருப்பார்கள். சாய்வு போதாதபோது புழுக்கை உருண்டு விழாமல் தட்டின் கீழ் விளிம்பில் அணைபோல் சேரும். அதன் பின்னால் மூத்திரம் குட்டையாகத் தேங்கும். கொட்டகை முழுக்கச் சுத்தமாக இருக்கும், அந்த விரற்கடை அளவு விளிம்பில் மட்டும் புழு மண்டிக் கிடக்கும். கரண்டியால் அந்த விளிம்பைத் தினமும் ஒருமுறை வழித்துவிடுவது இரண்டு நிமிட வேலை. தட்டுக்கு மேலே கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையை இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது. புழுக்கை வலையில் நின்று காற்றில் காயும். மூத்திரம் மட்டும் தட்டில் ஓடி மூடியுள்ள கேனில் சேரும்.

முயல் மூத்திரத்தில் சுண்ணச்சத்து மிகுதி. தட்டிலும் கம்பியிலும் வெள்ளைப் பொருக்காகப் படிவது அதுதான். அந்தப் பொருக்கு ஈரத்தையும் வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. சமையலுக்கு வாங்கும் வினிகரைத் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் இளகிவரும். அரையங்குலக் குழாய் வழியாக மூத்திரத்தை வடிக்க முயன்றால் இதே பொருக்கு சில மாதங்களில் குழாயை அடைத்துவிடும். திறந்த ஓடையே நல்லது. வினிகர் தடவும் இடத்துக்குப் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுபோகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஒற்றை அடுக்குக் கூண்டாக இருந்து எரு தரையிலேயே விழுந்தால், உலர்ந்த தேங்காய் நார்க்கழிவைத் தூவுங்கள். அது தன் எடையைப்போல் ஐந்தாறு மடங்கு தண்ணீரை உறிஞ்சும். ஒரு முயலின் ஒரு நாள் மூத்திரத்துக்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி தாராளமாகப் போதும். முயல் பெரும்பாலும் கூண்டின் ஒரே மூலையில்தான் மூத்திரம் விடும். அந்த மூலைக்கு நேர் கீழே தூவினால் மிச்சம் பிடிக்கலாம். தூவிய பிறகு எங்கேயும் ஈரப் பளபளப்புத் தெரியக் கூடாது, அதுதான் அளவு. நார்க்கழிவு கிடைக்காத இடத்தில் மரத்தூள் போடலாம். நெல் உமி உறிஞ்சாது; அதைக் கோழிக் கொட்டகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பசுந்தீவனக் கழிவைப் பலர் எருவிலேயே விட்டுவிடுகிறார்கள். வேலிமசால், அகத்தி, கீரைத் தண்டு ஆகியவை வலை வழியே விழுந்து இரண்டே நாளில் புளித்துப்போகும். அந்தப் புளிப்பு வாடை புழுக்கையின் வாடையைவிட ஈயை வேகமாக இழுக்கும். தீவனத்தைக் கூண்டுத் தரையில் போடாமல் புல்தட்டில் செருகி வையுங்கள். அடர்தீவனம் கொடுப்பவர்கள் தட்டில் தங்கும் தூளைச் சல்லடைபோல் அடிப்பகுதி உள்ள தட்டு வைத்து வெளியேற்ற வேண்டும். முயல் தூளைத் தின்னாது. அது மூத்திரத்தில் விழுந்து கூழாகிப் புழுவுக்கு நல்ல தீனியாகும். குட்டி ஈனும் பெட்டியில் செத்த குட்டியோ நஞ்சுக்கொடியோ கிடந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இறந்த குட்டிகளையும் குஞ்சுகளையும் எருக்குழியில் வீசவே வேண்டாம். இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அழுகிய உடலில் வளர்ந்த புழுவைக் கொத்தும் கோழிக்குக் கழுத்துத் துவண்டு விழும் நச்சு நோய் வரும்.

எருவை எப்போது அள்ளுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஏதாவது ஒன்றைத்தான் பின்பற்ற வேண்டும். வீடுகளுக்கு நடுவே பத்து, இருபது முயல் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை, புதனும் ஞாயிறும் என்று நாள் குறித்துக்கொண்டு, முழுவதையும் வழித்தெடுக்க வேண்டும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் எடுத்தால் எந்தப் புழுவும் கூட்டுப்புழுவாக நேரம் இருக்காது. ஒரு ஞாயிறு தவறினால் பத்தாம் நாள் அதன் பலன் சமையலறையில் தெரியும்.

தோட்டத்தில் நல்ல காற்றோட்டத்தில், தரையிலிருந்து இரண்டரை மூன்று அடி உயரத்தில் கூண்டு தொங்கவிட்டிருப்பவர்கள் வேறு வழியில் போகலாம். புழுக்கையைக் கலைக்காமல் கூம்பாகச் சேரவிட வேண்டும். கூம்பு வெளிப்பக்கம் காய்ந்துகொண்டே வளரும். அதற்குள் ஈயின் எதிரிகள் குடியேறும். ஈ முட்டையைத் தின்னும் மிகச் சிறிய உண்ணிகள் (இரத்தம் குடிக்கும் உண்ணி அல்ல), புழுவைக் கடிக்கும் சின்னக் கறுப்பு வண்டுகள், கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் குளவிகள் எல்லாம் வரும். இவை ஈயைவிட மெதுவாகப் பெருகுபவை. மாதக் கணக்கில் சேர்ந்த எருவை ஒரே நாளில் சுரண்டி எடுத்தால் எதிரிகள் எல்லாம் போய்விடும். புதிதாக விழும் எருவுக்கு ஈ முதலில் வரும். அதனால்தான் பெரிய சுத்தம் செய்த இரண்டு வாரத்தில் ஈ முன்னைவிட அதிகமாகிறது. அள்ளும்போது பாதி வரிசையை மட்டும் அள்ளி, அடியில் நான்கங்குலக் காய்ந்த எருவை விட்டுவைத்து, மூன்று வாரம் கழித்து மறுபாதியை அள்ள வேண்டும். காற்று நன்றாக வீசும் ஆடி மாதம் இதைச் செய்ய ஏற்றது. அடைமழையில் தொடவே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் எதிரிகள் இருக்கிறார்களா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எருக் கும்பலின் காய்ந்த ஓரத்து மண்ணை ஒரு குச்சியால் கிளறினால் செம்பழுப்பு நிறத்தில், அரிசி அளவில் கூடுகள் கிடைக்கும். இருபது முப்பது கூடுகளைப் பொறுக்கி வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு முனை மூடி கழன்றதுபோல் உடைந்திருந்தால் அதிலிருந்து ஈ வெளியேறிவிட்டது. முனை உடையாமல், பக்கவாட்டில் குண்டூசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருந்தால் அதிலிருந்து வந்தது குளவி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கறுப்புக் குளவி மனிதரைக் கொட்டாது. ஓட்டைக் கூடுகள் பாதிக்கு மேல் இருக்கும் கொட்டகையில் எருமேல் மருந்து தெளிப்பவர் தனக்காக உழைக்கும் படையைத் தானே கொல்கிறார்.

புழு என்றதும் பதறவும் வேண்டாம். ஈப்புழு வெள்ளையாக, வழுவழுப்பாக, தலைப்பக்கம் கூர்ந்து இருக்கும். சாம்பல் பழுப்பில், தட்டையாக, தோல் தடித்து, வரிவரியாக முக்கால் அங்குலம் வரை வளர்ந்திருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அதன் ஈ வீட்டுக்குள் வராது, சோற்றில் உட்காராது. அந்தப் புழு மண்டிய எருவில் வீட்டு ஈ பெருகுவது வெகுவாகக் குறையும். அதைக் கோழிக்குத் தீனியாக எடுத்துப் போடலாம்.

அள்ளிய எருவை இருபதடி தள்ளிக் குவித்து வைத்தால் ஈயின் பிறப்பிடம் இருபதடி நகர்ந்தது, அவ்வளவுதான். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையாத குவியலாக, எருவுக்குச் சரிபாதி காய்ந்த இலைச் சருகோ நார்க்கழிவோ கலந்து போடுங்கள். பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கை மட்டும் ஈரமாக வேண்டும். இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. ஆனால் அது புத்தியோடு ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே குவியல் முழுதையும் கறுப்புச் சில்பாலின் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விளிம்பைச் சுற்றி மண் அள்ளிப்போட்டு அழுத்த வேண்டும். நான்காம் நாள் ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி புரட்டி மறுபடி மூட வேண்டும். விளிம்பில் ஒரு சாண் திறந்திருந்தாலும் ஈ அதன் வழியாகத்தான் வந்துபோகும். கூண்டுக்கு அடியிலேயே மண்புழு விடுகிறோம் என்பவர்கள் மூத்திரத்தைப் பிரித்த பிறகே விட வேண்டும். பச்சை மூத்திரத்தில் மண்புழு தங்காது.

ஆட்டுப் பரணுக்கும் இதே கணக்குத்தான். பரணின் நடுவில் புழுக்கை காய்ந்தே கிடக்கும். சாரல் அடிக்கும் ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும்தான் புழு வைக்கும். கூரையை மூன்றடி வெளியே இறக்கி, தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரையடி உயர்த்தி, தொட்டியைப் பரணுக்கு வெளியே மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். கோழிக் கொட்டகையில் ஆழ்கூளத்தை (தரையில் கனமாகப் பரப்பிய உமி போன்ற கூளம்) தினமும் கிளறிவிட்டு, தண்ணீர்க் குவளையைச் சுற்றிக் கட்டிபட்ட கூளத்தை அன்றன்றே மாற்ற வேண்டும். நெடி ஏறினால் 10 சதுர மீட்டருக்கு 1 கிலோ சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தூவிக் கிளறலாம். கோழி வீட்டு ஈயைத் தின்றால் ஒரு வகை நாடாப்புழு அந்த ஈ வழியாகக் கோழிக்கு வருகிறது என்பதையும் கோழி வளர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, தூவக் கூடாதவை. ஈரமான மூத்திரத்தில் சுண்ணாம்பு விழுந்தால் அமோனியா கிளம்பும். முயலின் மூக்கு தரைக்கு நெருக்கம். அந்த நெடியில் தும்மலும் சளியும் தொடங்கி நிமோனியாவில் முடியும். காய்ந்த தரைக்கு, எருவை முழுக்க வழித்த பிறகு சுண்ணாம்பு பூசுவதில் தவறில்லை. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் தூவினால் நுரையீரலை அரிக்கும் குளோரமின் வாயு உண்டாகும். போட்ட பவுடரின் வீரியமும் எருவிலேயே தீர்ந்துபோகும், புழு சாகாது. உள்ளாட்சி ஊழியர்கள் கொட்டகைக்குள் இதைத் தூவுவதை உடனே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. வேப்பிலைப் புகை போடுவது பழக்கம். புகை இருக்கும்வரை ஈ விலகும், பிறகு திரும்பும். அடைத்த கொட்டகையில் அந்தப் புகை முயலுக்கும் கெடுதி.

நுவான் என்ற பூச்சிமருந்தைக் கேட்டால் இன்றும் சில கடைகளில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதிலிருக்கும் டைகுளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. அதைக் கொட்டகையில் தெளிப்பது சட்டத்துக்கும் விரோதம், அதை மூச்சில் இழுக்கும் மனிதருக்கும் ஆபத்து. நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பிப்ரோனிலை முயல்மேல் தடவிவிடுகிறார்கள். அது முயலைக் கொல்லும் மருந்து. எந்த அளவிலும் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் டன்னுக்கு 500 கிராம் கலக்கும் 1 சதவீத சைரோமசின் கலவை எருவில் புழு வளர்வதைத் தடுக்கும். ஆனால் அது முட்டைக்கோழிக்கென்றே அனுமதிக்கப்பட்ட தீவன மருந்து. கறிக்கு வளர்க்கும் முயலின் தீவனத்தில் அதைக் கலக்கக் கூடாது.

மருந்து தேவைப்படும் நேரமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டோம். அப்போதும் எருவில் தெளிக்காமல் ஈ இரவில் அடையும் இடத்தில் தெளியுங்கள். கூரைக் கம்பி, தொங்கும் கயிறு, விட்டத்தின் ஓரம் ஆகியவற்றில் கரும்புள்ளிகள் மண்டியிருக்கும். ஈ அடையும் இடம் அதுதான். தீவனத் தட்டையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, முயல்களை வெளியேற்றி, சீட்டில் உள்ள அளவில் மட்டும் அங்கே தெளிக்க வேண்டும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில மாதத்தில் ஈ அதற்குப் பழகிவிடும். ஈ தின்று சாகும் 0.5 சதவீத இமிடாகுளோப்ரிட் நச்சுக் குருணை வாங்குபவர்கள் 100 சதுர மீட்டருக்கு 200 கிராம் என்ற கணக்கில், கோழியும் குழந்தையும் எட்டாத உயரத்தில் சின்னத் தட்டுகளில் வைக்கலாம். கோழி கொத்தினால் கோழிக்கும் நஞ்சு. தேனீப் பெட்டி அருகில் இருந்தால் இது வேண்டாம்.

பொறியை நாமே செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் மூன்றிலொரு பாகத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, உள்ளே 200 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி வெல்லம், ஒரு துண்டுக் கருவாடு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் போதும். இதைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டால் வெளியே உள்ள ஈயையும் உள்ளே அழைத்ததாகும். இருபதடி தள்ளி, வீடு இல்லாத பக்கம், வெயில் படும் இடத்தில் மூன்று நான்கு அடி உயரத்தில் கட்டுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை கொட்டிப் புதைக்காவிட்டால் அதற்குள்ளேயே புழு வைத்துவிடும். வெல்லம் சிந்தினால் எறும்பு ஏறும். எறும்பு முயல் குட்டிகளை உயிரோடு கடித்துக் கொல்லும் என்பதால் கூண்டுக்காலின் தண்ணீர்க் கிண்ணங்கள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் பசைத்தாள் மட்டும் போதும்.

உயிர் போகும் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் ஈக்கள் எருவைவிட, கழிச்சலால் பின்புறம் நனைந்த முயலைத்தான் தேடும். வால் அடியில், ரோமத்தில் வெளிர் மஞ்சள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே பொரிந்து, புழு தோலைத் துளைத்து உள்ளே போகலாம். ஒன்றிரண்டு நாளில் முயல் செத்துவிடும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு முயலையும் தூக்கிப் பின்புறம் பார்க்க வேண்டும். கிழடு, பருத்தது, கழிச்சல் உள்ளது, நீண்ட ரோமமுள்ள அங்கோரா ஆகியவற்றை முதலில் பாருங்கள். புழு இருந்தால் ரோமத்தைக் கத்தரித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனை முயலுக்கு ஊற்றாதீர்கள். அது நக்கி விழுங்கிவிடும். ஆட்டுக்குட்டி பிறந்ததும் தொப்புளை டிஞ்சர் அயோடினில் நனைத்தால் அங்கே புழு வைப்பது குறையும்.

இவ்வளவும் செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில் ஈ குறையாது. ஏற்கனவே பறப்பவை இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் கூடுகளும் சில நாள் வரை பொரிந்துகொண்டிருக்கும். "எல்லாம் செய்தும் பலனில்லை" என்று பலர் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். புகார் கொடுத்தவரும் ஆய்வாளரும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

அந்த மூன்று வாரத்தை அளந்து பார்க்க எளிய வழி உண்டு. மூன்றங்குலம் அகலம், ஐந்தங்குலம் நீளமுள்ள வெள்ளை அட்டைகளை ஈ அடையும் இடங்களில், கொட்டகைக்குள் நான்கும் புகார் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ஒன்றுமாக மாட்டுங்கள். ஏழாம் நாள் இறக்கி, ஒவ்வொரு அட்டையிலும் ஈ விட்ட கரும்புள்ளிகளை எண்ணுங்கள். அட்டைக்கு ஐம்பதைத் தாண்டினால் எங்கோ ஈரம் இருக்கிறது, மறுபடி நிப்பிளிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். கொட்டகை அட்டையில் பத்தும் திண்ணை அட்டையில் நூறும் இருந்தால் ஈ பிறக்கும் இடம் வேறு. தெருக் குப்பைத் தொட்டியையும் சாக்கடையையும் பார்க்க வேண்டியது உள்ளாட்சியின் வேலை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்கள் முயல், பரண் ஆடு வளர்ப்புப் பயிற்சிகளில் இந்த அட்டைக் கணக்கையும் எரு மேலாண்மையையும் செய்முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கொட்டகையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரி தன் குறிப்பில் மூன்று வார அட்டை எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முயல், வெள்ளாடு, நாட்டுக்கோழி வளர்ப்போர் சிலர்,
ஈரோடு மாவட்டம்.